வாசிக்கக் கேட்டு, விளங்கிக்கொண்டு

செவ்வாய்க்கிழமை,
நூலகத்தின் பின்னறை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானே எழுதுவது. யாரையோ கெஞ்சி எழுதி வாங்கியிருக்கிறேன் என்று நினைக்காதே. ஒவ்வொரு எழுத்தும் என் கையிலிருந்து இறங்கியதுதான். முதலில் நோட்டில் எழுதி, அடித்துத் திருத்தி, பிறகு இந்தத் தாளில் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். இந்த நாலு வரிக்கு ஒரு காலைப்பொழுது போய்விட்டது. போகட்டும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்குக் காலைப்பொழுதுக்கா பஞ்சம்?

நலமா என்று கேட்க வேண்டும். கேட்கிறேன். நீ நலமா? உன் வீட்டுக்காரர் நலமா? குழந்தைகள் இருந்தால் அவர்களும் நலமா? இருக்கிறார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது.

நூலகத்தின் பின்னறையில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா சொல்லித்தருகிறார். ஊசி போடுகிற தோரணையில்தான் பாடமும் நடத்துவார். "கொஞ்சம் வலிக்கும், அப்புறம் சரியாப் போயிடும்" என்பார். ணகரமும் னகரமும் இன்னும் வலிக்கின்றன. நாங்கள் ஆறு பேர். நான்தான் மூத்தவன், நான்தான் கெட்டிக்காரன். மற்ற ஐந்து பேரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பதினான்கு மாதம் ஆகிறது.

படிக்க வந்த பிறகு உலகமே பேச ஆரம்பித்துவிட்டது, அம்மாடி. சுவர் பேசுகிறது, பஸ் பேசுகிறது, சோப்பு உறை பேசுகிறது. சந்தோஷத்தில் முதல் இரண்டு மாதம் தெருவில் எல்லாப் பலகையையும் படித்துக்கொண்டே நடந்து, ஒரு கம்பத்தில் மோதிக்கொண்டேன். கம்பத்திலும் ஏதோ எழுதியிருந்தது. படித்துவிட்டுத்தான் நெற்றியைத் தடவினேன்.

ஆனால் சந்தோஷம் போகிற வழியிலேயே சந்தேகமும் வந்து சேர்ந்தது. முப்பத்தொரு வருஷம் கோர்ட்டுக் கட்டடத்தில் நான் லிஃப்ட் ஓட்டினேன் இல்லையா? போன மாதம் அந்தப் பழைய லிஃப்ட்டைப் போய்ப் பார்த்தேன். பூட்டி வைத்திருக்கிறார்கள். கம்பிக் கதவுக்கு மேலே, என் தலைக்கு நேராக ஒரு பித்தளைத் தகடு. 'எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது' என்று இருக்கிறது. நான் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருஷமாக ஒரு வக்கீல்கூட அதைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் படிக்கத் தெரியும், எல்லோருக்கும் அவசரம். அன்று முதல் எனக்கு யார்மீதும் நம்பிக்கை இல்லை.

வீட்டில் நான் படிப்பது யாருக்கும் தெரியாது. நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன். முதலில் திடீரென்று படித்துக் காட்டி உன் அண்ணனையும் அண்ணியையும் அசத்தலாம் என்றுதான் மறைத்தேன். பிறகு வேறு யோசனை வந்தது. இத்தனை நாள் எனக்கு வாசித்துக் காட்டியதெல்லாம் சரியாகத்தான் வாசித்தார்களா? நீ இருந்தவரை நீ வாசிப்பாய். நீ வாசித்ததை ஒரு நாளும் நான் சந்தேகப்பட்டதில்லை. நீ போன பிறகு உன் அண்ணன்தான். ஆகவே சோதித்தேன். டாக்டர் சீட்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். அவன் வாசிக்கும்போது நான் பக்கத்தில் கண்ணாடி போடாமல், தெரியாத முகத்தோடு உட்கார்ந்து, ஓரக்கண்ணால் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்ப்பேன். பேப்பர் செய்தி, கரண்டு ஆபீஸ் அறிவிப்பு, பக்கத்து வீட்டு அழைப்பிதழ் எல்லாம் சரியாகவே வாசித்தான். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்புறம் தகரப் பெட்டியைத் திறந்தேன். என் ஓய்வு உத்தரவு, உன் அம்மாவின் இறப்புச் சான்றிதழ், உன் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள். எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் படித்தேன். அடியில் ஒரு நகல் இருந்தது. 'பிரமாணப் பத்திரம்' என்று தலைப்பு. உன் பெயர் இருந்தது. எனக்கும் உனக்கும் இனி எந்த ஒட்டும் உறவும் இல்லை என்று இருந்தது. நீ இந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, கடிதம் எழுதக் கூடாது என்று இருந்தது. தேதி, நீ பதிவு ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்ட அந்த வாரத்துத் தேதி. கடைசியில் ஒரு வரி. அதை எழுத்து மாறாமல் எழுதுகிறேன்: 'மேற்கண்டவற்றை வாசிக்கக் கேட்டு, விளங்கிக்கொண்டு, சுயபுத்தியுடன் எனது இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.' கீழே ஒரு கறுப்புத் திட்டு. நகல் என்பதால் மை அப்பி, அது யார் விரல் என்றே தெரியவில்லை.

நான் எதையும் வாசிக்கக் கேட்கவில்லை. இது சத்தியம்.

மறுநாள் ஒன்றும் தெரியாதவன் மாதிரி அந்தத் தாளை உன் அண்ணனிடம் நீட்டினேன். "இது என்னடா, பெட்டியில கிடந்துது" என்றேன். அவன் பார்த்தான். முகம் மாறியதை நான் பார்த்தேன். "பழைய தண்ணி கனெக்‌ஷன் பேப்பர்ப்பா, உள்ள வைங்க" என்றான். அதுதான் அவன் எனக்குத் தப்பாக வாசித்த முதல் தாள்.

ஒன்பது வருஷமாக நீ ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று நான் உன்மேல் வருத்தத்தில் இருந்தேன். இப்போது புரிகிறது. உன் முகவரி அந்த நகலில்தான் கிடைத்தது. நீ இன்னும் அங்கே இருக்கிறாயோ இல்லையோ, தெரியாது. பதில் எழுதுவதானால் நூலக முகவரிக்கு எழுது. வீட்டுக்கு வேண்டாம். இதைக்கூட நம் தெருமுனைப் பெட்டியில் போட மாட்டேன், உன் அண்ணன் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறான். ரயில் நிலையத்துப் பெட்டியில் போடுகிறேன்.

அந்தத் திட்டு என் விரலாக இருக்காது என்று நம்புகிற,
அப்பா


வெள்ளிக்கிழமை,
அதே பின்னறை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய உறை கிடைத்தது. நூலகர் கூப்பிட்டு, "ஐயா, உங்களுக்குத் தபால்" என்றார். என் பெயருக்கு வந்து, நானே பிரித்த முதல் தபால் அது. உள்ளே ஒரு வரி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அந்தப் பத்திரத்தின் அசல் மட்டும் இருந்தது. நாலாக மடித்து, மடிப்பில் நைந்துபோய். ரேகையைச் சுற்றி நீல மையில் நீ ஒரு வட்டம் போட்டிருந்தாய்.

வட்டத்துக்குள் பார்த்தேன். கோடுகளுக்குக் குறுக்கே ஒரு வெள்ளை வெட்டு. நீ ஏழாம் வகுப்புப் படித்தபோது லிஃப்ட்டின் கம்பிக் கதவு என் இடது பெருவிரலைக் கவ்வியது ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், தலையில் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்துக் கட்டுப் போட்டுவிட்டாய். அந்தத் தழும்புதான். அப்படியானால் விரல் என்னுடையதுதான். இந்தப் பத்திரம் வந்த அன்று, நீயும் யாரோ பொய்யாகச் செய்திருப்பார்கள் என்று முதலில் நினைத்திருப்பாய். அப்புறம் அந்தத் தழும்பைப் பார்த்திருப்பாய்.

ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டாதே. நான் விசாரித்துவிட்டேன்.

மூன்றாம் மாடி வக்கீலம்மாவை உனக்குத் தெரியாது. என் லிஃப்ட்டில் இருபது வருஷம் ஏறி இறங்கியவர். கோர்ட்டில் எல்லோரும் என்னை லிஃப்ட் ஜட்ஜ் என்பார்களே, அந்தப் பெயரை வைத்தவரே அவர்தான். லிஃப்ட்டுக்குள் கட்சிக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, எந்த வழக்கு நிற்கும், எது விழும் என்று நான் தீர்ப்புச் சொல்வேன், பாதி பலிக்கும். இப்போது அவர் வீட்டிலேயே ஆபீஸ் வைத்திருக்கிறார். அசலைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "இதை எவன் எழுதினான்? அப்பா-மக உறவைக் காகிதத்துல வெட்ட எந்தச் சட்டத்துலயும் இடம் இல்ல. இது சும்மா மிரட்டுற காகிதம்" என்றார்.

காகிதம் செல்லுமா செல்லாதா என்பது என் கவலை இல்லை. விரல் என்னுடையது, ஆனால் அதில் எழுதியிருப்பது எனக்குத் தெரியாது, இதற்குச் சட்டத்தில் ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "உங்களுக்காகவே ஒரு சொல் இருக்கு ஜட்ஜ் ஐயா" என்றார். ஒரு துண்டுத் தாளில் நம் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். நான் அங்கேயே எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன்: 'நான் எஸ்ட் ஃபேக்டம்'. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். இத்தனை நாளும் எனக்குப் படிக்கத் தெரியும் என்று நினைத்திருந்தவர், இதுவரை தெரியாமல் இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்துகொண்டார். உடனே பேனாவை எடுத்துக்கொண்டு பொருள் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நல்ல மனுஷி.

அது லத்தீன் சொல்லாம். நான் என்று ஆரம்பித்து, நான் இல்லை என்று முடிகிறதே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. 'இது என் செயல் அன்று' என்பது அதற்குப் பொருள். பத்திரத்தில் என் அடையாளம் இருக்கிறது, ஆனால் என் மனம் இல்லை, ஆகவே அது என் பத்திரமே அல்ல என்று வாதாடுவது. பல நூறு வருஷத்துக்கு முன்னால் வேறொரு தேசத்தில், கண் தெரியாதவர்களுக்காகவும் எழுத்துத் தெரியாதவர்களுக்காகவும் உண்டானதாம். எழுத்துத் தெரியாத ஒரு நிலக்காரரிடம், பாக்கி வாடகையை மட்டும் விட்டுக்கொடுப்பதாகப் பத்திரத்தை மாற்றிச் சொல்லி முத்திரை வாங்கிவிட்டார்கள். உண்மையில் அதில் நிலத்தையே விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. அது அவர் செயல் அல்ல, பத்திரம் செல்லாது என்று அந்தக் கோர்ட்டு சொல்லிவிட்டதாம். என்ன அருமையான கோர்ட்டு. என்னைப் போல ஒருவனுக்காக இத்தனை வருஷமாக ஒரு சொல் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அந்தக் காலத்திலிருந்துதானாம் பத்திரங்களில் 'வாசிக்கக் கேட்டு, விளங்கிக்கொண்டு' என்ற வரியைக் கண்ணும் கருத்துமாகச் சேர்ப்பது. பின்னால் எவனும் இது என் செயல் அன்று என்று தப்பித்துவிடக் கூடாதல்லவா? யாருமே வாசிக்காமல் அந்த வரியை மட்டும் தட்டச்சு செய்துவிட்டால் அது இரட்டைப் பொய் என்றார்.

கிளம்பும்போது வக்கீலம்மா ஒன்று கேட்டார். "வாசிக்கச் சொல்லி நீங்க கேட்டீங்களா? கேட்டும் தப்பாப் படிச்சிருந்தா நீங்க தப்பிச்சீங்க. கேட்காமலே ரேகை வெச்சிருந்தா இந்த வாதம் நிக்காது, பாத்துக்குங்க. அலட்சியத்துக்கு இந்தச் சொல் கிடையாது" என்றார். கேட்டிருப்பேன் என்றேன். கேட்காமல் இருப்பேனா?

யார் செய்திருப்பார்கள் என்றும் கண்டுபிடித்துவிட்டேன். சாட்சிக் கையெழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். குடை குமாஸ்தா. வெயிலோ மழையோ குடை இல்லாமல் நடக்காத வக்கீல் குமாஸ்தா, உன் அண்ணனோடு படித்தவன். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து, லிஃப்ட்டை ஓட்டும் லிவரைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் எதையோ சொல்லி விரலைப் பிடித்து அமுக்கியிருக்கிறார்கள். திங்கட்கிழமை அவனைப் பிடிக்கிறேன். அவன் வாயாலேயே வரவழைக்கிறேன்.

ஆகவே மகளே, சட்டப்படி, பல நூறு வருஷத்துப் பழைய சட்டப்படி, அது நான் அல்ல. இதைத் தெரிந்துகொண்டு நீ நிம்மதியாக இரு.

சந்தேகம் தீர்ந்த,
அப்பா


வியாழக்கிழமை,
வீட்டில், ஜன்னலோரம்

என் மகளுக்கு,

நீ போன கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. எழுதாதது நல்லது. அதில் நான் எழுதிய பாதியை நான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போனேன். குடை குமாஸ்தா படிக்கட்டுக்கு அடியில் மேஜை போட்டிருக்கிறான். குடை நாற்காலியில் தொங்குகிறது. "வாங்க ஜட்ஜ் ஐயா, தீர்ப்பு சொல்ல வந்தீங்களா?" என்றான். பத்திரத்தை மேஜையில் போட்டேன். சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாயே, எப்போது எனக்கு இதை வாசித்துக் காட்டினாய் என்று சத்தம் போட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது. "உட்காருங்க ஐயா" என்றான். பிறகு சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லையும் மாற்றவில்லை:

"ரெண்டாம் மாடிக்கும் மூணாம் மாடிக்கும் நடுவுல ஐயா. உங்க வலது கை லிவர்ல இருந்துது. படிக்கட்டுமான்னு நான் கேட்டேன். மெதுவாத்தான் கேட்டேன். நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல. 'யோவ், இந்த லிஃப்ட்ல ஏறி இறங்காத பேப்பரே கிடையாது, எனக்கேவா படிச்சுக் காட்டுற? கை வேலையா இருக்கு, ரேகை எடுத்துக்க'ன்னு இடது கையைப் பின்னால நீட்டுனீங்க. லிஃப்ட்ல ஏழெட்டுப் பேர் இருந்தாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது, அம்மாடி. பத்திரம் ஞாபகம் இல்லை, தேதி ஞாபகம் இல்லை, சிரிப்பு ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் அது எனக்குப் பிடித்திருந்தது. லிவரைப் பிடித்த கை என்பது என் பழைய தந்திரம். யார் எதை நீட்டினாலும் 'கை வேலையா இருக்கு' என்பேன். லிஃப்ட் ஜட்ஜுக்கு எழுத்துத் தெரியாது என்று அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியக் கூடாது. முப்பத்தொரு வருஷம் அதைக் காப்பாற்றினேன். உன்னைக் கொடுத்துக் காப்பாற்றினேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

வீட்டுக்கு வந்தேன். உன் அண்ணன் வேலை முடிந்து வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான். எதிரே உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் பத்திரத்தை எடுத்து முதல் எழுத்திலிருந்து உரக்கப் படித்தேன். திக்கித் திக்கித்தான் படித்தேன். உன் அண்ணி கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். நான் படிக்கிறேனே என்று வாயைப் பிளந்தவள், என்ன படிக்கிறேன் என்று புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்பது வருஷத்தில் அந்தப் பத்திரம் எனக்கு வாசிக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. வாசித்தவனும் நான், கேட்டவனும் நான்.

உன் அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, "நீங்கதான்ப்பா சொன்னீங்க" என்றான். "நெஞ்சுல உறைக்கிற மாதிரி அவளுக்கு ஒண்ணு அனுப்புடான்னு அந்தக் கோவத்துல நீங்கதான் சொன்னீங்க. நான் கொஞ்சம் அதிகமாவே எழுத வெச்சுட்டேன். நீங்க படிக்கச் சொல்லிக் கேட்டு, இது வேணாம்டான்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ரேகை வெச்சு வந்திருச்சு. அப்புறம் அதைப் படிச்சுக் காட்ட எனக்கு வாய் வரலப்பா." தண்ணீர்க் குழாய்ப் பேப்பர் என்று ஏன் பொய் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. அவன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால் அவனைச் சந்தேகப்பட்ட அளவுக்கு என்னை நான் ஒரு நாளாவது சந்தேகப்பட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

ஆம், நான் சொன்னேன். உறைக்கிற மாதிரி ஒன்று என்று சொன்னேன். அது என்னவென்று நான் கேட்கவில்லை. என் கோபம் ஒரே வாரத்தில் போய்விட்டது, அம்மாடி. அதற்குள் பத்திரம் தபாலில் போய்விட்டிருந்தது. நான் உன் கடிதத்துக்குக் காத்திருந்தேன், எழுதக் கூடாது என்று உனக்கு உத்தரவு போட்டுவிட்டு.

வக்கீலம்மா கொடுத்த துண்டுத் தாளை இன்று காலை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தச் சொல் கண் தெரியாதவர்களுக்கும், கேட்டும் ஏமாற்றப்பட்டவர்களுக்கும் உரியது. அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் பங்கு இல்லை. வக்கீலம்மா, "கேட்கலையா?" என்று மட்டும் கேட்டார். கேட்கவில்லை என்றேன். அது என் செயல். வேறு யாருடைய செயலும் இல்லை.

நான் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. உனக்கு மனம் வந்தால், எப்போது வந்தாலும், எழுது. நூலகத்துக்கு வேண்டாம். வீட்டுக்கே எழுது, என் பெயருக்கு எழுது. நானே பிரிப்பேன், நானே படிப்பேன். திட்டி எழுதினாலும் ஒரு வரி விடாமல் படிப்பேன். மாப்பிள்ளையையும் ஒரு வரி எழுதச் சொல். அவர் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. குழந்தை இருந்தால், கிறுக்கினாலும் பரவாயில்லை, எனக்கு இப்போது எதையும் படிக்க வரும்.

நீ இந்த வாசலை மிதிக்கலாம். எந்த நாளும், எந்த நேரமும். இதைத் தனி வரியாக எழுத வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இரு.

மேற்கண்டவற்றை நானே எழுதி, எனக்கு நானே இரண்டு முறை உரக்க வாசிக்கக் கேட்டு, விளங்கிக்கொண்டு, வலது கையில் வேறு எந்த வேலையும் இல்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்பா